மூட்டைக்கு நாலு கிலோ

இந்த வருசம் திருநீற்றுப் புதன், எங்க கத்தோலிக்கக்காரங்களுக்கு தவக்கால நோன்பு தொடங்கற நாள், பிப்ரவரி 18ல வந்துச்சு. காலைல பூசைக்குப் போயிட்டு நெத்தியில சாம்பலோட அப்படியே வண்டிய எடுத்துக்கிட்டு ஸ்டாண்டுக்கு வந்தேன், டீக்கடை பாய் என்னைப் பாத்ததும் "என்ன மாப்ள, உங்களுக்கும் ஆரம்பிச்சிருச்சா"ன்னார், அவங்களுக்கும் அதே வாரந்தான் ரம்ஜான் நோன்பு தொடங்குது. குளிர்னா அப்படி ஒரு குளிர், மூஞ்சிக்கல் பக்கம் பனி இன்னும் எந்திரிக்கவே இல்ல, பாய் முட்டை போண்டாவ எண்ணெயில இருந்து அள்ளி தட்டுல போடறார், ஆவி பறக்குது, நான் ஒருசந்தி, ஒரு வேளைச் சாப்பாடுதான்னுட்டு ஒரு வரட்டீய மட்டும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பக்கத்துல நின்ன டிரைவர் பசங்க ரெண்டு பேரு "அண்ணன் தவக்காலம் வந்துட்டா சாமியாராயிருவாரு"ன்னு சொன்னப்ப உள்ளுக்குள்ள ஒரு சின்ன சந்தோசம். பொய் சொல்லல, நல்லாத்தான் இருந்துச்சு.

எங்க வீட்டுல தவக்காலம்னு சொல்ற பழக்கம் கிடையாது, அம்மாவுக்கு இன்னைக்கும் அது தபசு காலந்தான். தபசு காலம் வந்துட்டா கறிச்சட்டி பரண் மேல ஏறிரும், ஈஸ்டருக்குத்தான் இறங்கும். பூசையில அல்லேலூயா கிடையாது, சாமியார் ஊதாக் கலர்ல உடுத்திட்டு வருவார், வெள்ளிக்கிழமையானா சிலுவைப்பாதை, 14 நிலை, ஒவ்வொண்ணுக்கும் முட்டி போட்டு எந்திரிக்கணும், சின்ன வயசுல எட்டாவது நிலையில இருந்தே இன்னும் எத்தனை பாக்கின்னு சுவத்தைப் பாத்து எண்ண ஆரம்பிச்சிருவேன். 40 நாள்னு சொல்றாங்க இல்லியா, புதன்கிழமையில இருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரைக்கும் எண்ணிப் பாருங்க 46 வரும், நடுவுல வர்ற ஆறு ஞாயித்துக்கிழமையக் கழிச்சாத்தான் 40. பத்து வயசுல இதை மறைக்கல்வி கிளாஸ்ல கேட்டுட்டு ஓடிவந்து "அம்மா ஞாயித்துக்கிழமை கணக்குல இல்லியாம், கோழி எடுக்கலாமாம்"னு நின்னேன். "கணக்குல இல்லாட்டி என்ன, சட்டியிலயும் இல்ல, போ"ன்னுட்டாங்க.

அந்தப் பழக்கத்துல வளந்ததால எனக்கு தவக்காலம் கஷ்டமே கிடையாது. கறி விடுவேன், பீர் விடுவேன், சிகரெட் விடுவேன், ரெண்டு வருசம் முன்னாடி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாக்கறத கூட விட்டேன், அதுதான் இருக்கறதுலயே கஷ்டம். நாலு கிலோ குறையும். ஈஸ்டருக்கு முந்தின வாரம் போய் பாவசங்கீர்த்தனம் பண்ணிருவேன், அதாவது சாமியார்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்கறது, சாமியார் மூணு பரலோக மந்திரம் மூணு அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், சொல்லிட்டு எந்திரிச்சா கார் வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்த மாதிரி இருக்கும். வருசத்துக்கு ஒரு தடவையாவது பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு 1215ல ரோம்ல லாத்தரன்ல ஆயர்கள் கூடின திருச்சபைச் சங்கத்துல சட்டமே போட்டுட்டாங்க, நான் அந்தச் சட்டத்தை ஒரு வருசம் கூட மீறினது கிடையாது.

இப்ப ஒரு விசயம் சொல்லணும், சுத்தி வளைச்சுத்தான் வர முடியும், பொறுத்துக்கங்க.

நான் கொடைக்கானல்ல டூரிஸ்ட் வண்டி ஓட்டறவன். கோக்கர்ஸ் வாக், தூண்பாறை, பைன் காடு, மன்னவனூர் ஏரி எல்லாம் சுத்திக் காட்டுவேன், வர்றவங்க கிறிஸ்டியன்னு தெரிஞ்சா சலேத் மாதா கோயிலுக்கும் கூட்டிட்டுப் போவேன். 1866ல கட்டின கோயில், ஆகஸ்ட் 14, 15 திருவிழாவுக்கு தேர் எடுப்பாங்க. "யாருங்க இந்த சலேத் மாதா, கேள்விப்பட்டதே இல்லியே"ன்னு எல்லாருமே கேப்பாங்க, வேளாங்கண்ணி தெரியும் லூர்து தெரியும், சலேத் தெரியாது. அதுக்குன்னே ஒரு அஞ்சு நிமிசக் கதை வச்சிருக்கேன்.

பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலையில லா சலேத்னு ஒரு மலைக்கிராமம், கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் இருக்கற நம்ம மேல்மலை ஊருங்க மாதிரி. ஊருக்கு மேல மாடு மேய்க்கிற இடம் சுமார் 1,800 மீட்டர் உயரம், கொடைக்கானலை விட கொஞ்சம் கீழ. 1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. மாக்சிமேன்னு 11 வயசுப் பையனும் மெலனின்னு 14 வயசுப் புள்ளையும் மாடு மேய்க்கப் போறாங்க. அங்க பள்ளத்துல ஒரு கல்லு மேல ஒரு அம்மா முகத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காங்க. அழுதுக்கிட்டேதான் பேசறாங்க. ஞாயித்துக்கிழமைய யாரும் மதிக்கிறதில்ல, வண்டிக்காரங்க என் மகன் பேரச் சொல்லாம ஒரு கெட்ட வார்த்தை பேசறதில்ல, தபசு காலத்துல நாய் மாதிரி கறிக்கடைக்குப் போறாங்கன்னு அப்படியே போகுது. இந்த வண்டிக்காரங்க மேட்டரு வர்றப்ப நான் என் ஸ்டீயரிங்கத் தட்டிக் காட்டுவேன், பார்ட்டி சிரிக்கும்.

அப்புறம் உருளைக்கிழங்கு பத்திப் பேச்சு வருது. அந்தச் சமயம் ஐரோப்பா பூரா கிழங்கு அழுகிக்கிட்டு இருந்துச்சு, அயர்லாந்துல அதனாலதான் அம்புட்டுப் பேரு பட்டினியில செத்தாங்க, அதே கருகல் நோய் இன்னைக்கும் நம்ம மேல்மலைக்கு மழையோட மூடுபனி சேர்ந்தா வந்து நிக்கும். போன வருசமே கிழங்கை வச்சு உங்களுக்குக் காட்டினேன், நீங்க கண்டுக்கலன்னு மாதா சொல்றாங்க. சொல்றது சுத்தமான பிரெஞ்சுல. பாவம் அந்தப் புள்ளைக்கு உருளைக்கிழங்குக்கு பிரெஞ்சுல என்னன்னே தெரியாது, அவங்க ஊர்ப்பேச்சுல அதுக்கு வேற பேரு, பக்கத்துல நிக்கிற பையனைத் திரும்பிப் பாக்குது. உடனே அந்தம்மா "உங்களுக்குப் புரியலியா, வேற மாதிரி சொல்றேன்"னு அந்த ஊர்ப்பேச்சுக்கே மாறிட்டாங்க. மனம் திரும்பினா கல்லும் பாறையும் கோதுமைக் குவியலாயிரும், கிழங்கு தானா நிலத்துல விதைஞ்சு கிடக்கும்னு சொன்னதெல்லாம் அதுக்கு அப்புறம் ஊர்ப்பேச்சுலதான். எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான், கிழங்குக்காக மாதா பாஷை மாத்தின இடம்.

பையனோட அப்பா வண்டிச்சக்கரம் செய்யற ஆளு, கோயில் பக்கமே தலை வச்சுப் படுக்காதவர். "உங்கப்பா ஒருநாள் அழுகின கோதுமையப் பாத்துட்டு வர்ற வழியில உனக்கு ஒரு துண்டு ரொட்டி பிச்சுக் குடுத்து, இதத் தின்னுடா, அடுத்த வருசம் யாரு திங்கப்போறாங்களோன்னு சொன்னார், ஞாபகம் இருக்கா"ன்னு மாதா கேட்டாங்களாம். அந்த ரொட்டி விசயத்தைக் கேட்டப்புறந்தான் அந்த மனுசன் கோயிலுக்குத் திரும்பினார். 1851ல அந்த மறைமாவட்ட ஆயர் இது நம்பத்தக்கதுன்னு அறிவிச்சார்.

கடைசியா மாதா கழுத்துல தொங்கற சிலுவையக் காட்டுவேன். வேற எந்த மாதாவுக்கும் இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க, சிலுவைக்கு ஒரு பக்கம் சுத்தியல், இன்னொரு பக்கம் குறடு. சுத்தியல் ஆணி அடிக்கிறதுக்கு, குறடு புடுங்கறதுக்கு. பாவம் பண்றவன் அடிக்கிறான், மனஸ்தாபப்படறவன் புடுங்கறான். "நீங்க எந்தப் பக்கம்"னு பார்ட்டியப் பாத்து கேட்டு முடிப்பேன். நல்லா ஒர்க்கவுட் ஆகும், டிப்ஸ் கூட விழும். பத்து வருசமா ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். என் வண்டி டேஷ்போர்டுலயும் அந்தப் படம் ஒட்டியிருக்கு, வெயில்ல வெளுத்துப்போய் குறடு மட்டும் கொஞ்சம் தெரியுது.

சரி, இப்ப 2008க்கு வாங்க. எனக்கு 22 வயசு. லைசென்ஸ் எடுக்கல, நிலையான வேலை இல்ல, கீழ ஒரு காய்கறிக் கமிசன் கடைக்கு மேல்மலையில இருந்து மூட்டை பிடிச்சு அனுப்பற வேலை. ஊர் ஊராப் போய் காட்டுலயே எடை போட்டு லாரியில ஏத்தி விடணும். பூம்பாறை தாண்டி மன்னவனூர் போற வழியில ஒரு ஊரு, பேரு வேண்டாம், அங்க ஒரு பெரியம்மா. சொந்தமெல்லாம் கிடையாது, வாய்க்குப் பெரியம்மா. வீட்டுக்காரர் இல்ல, ஒரு ஏக்கர் கூட தேறாது, மேடை மேடையா உருளை போட்டிருந்தாங்க. அந்த வருசம் ஐப்பசி மழை விடல. மேல் மேடை ரெண்டும் கருகிப்போச்சு, இலை கறுத்து தண்டு குழைஞ்சு, கிட்டப் போனாலே ஒரு அழுகல் நாத்தம், கீழ் மேடையில மட்டும் தப்பிச்சது. தப்பிச்சதை ஒவ்வொண்ணா எடுத்து சாக்குத்துணியால தொடச்சு, லேசா கறுப்பு விழுந்ததைக் கூட தனியாப் பிரிச்சு வச்சிருந்தாங்க, அவ்வளவு நேர்மை. மொத்தம் 14 மூட்டை.

அவங்க தம்பிதான் என்னைக் கூட்டிட்டு வந்தவர். மாமான்னு கூப்பிடுவேன். அவரும் நானும் ஒரு கம்புல தராசைத் தொங்கவிட்டு ஆளுக்கு ஒரு பக்கம் தோள் குடுத்து எடை போட்டோம். முள்ளு என் பக்கம் பாத்திருந்துச்சு. மூட்டைக்கு 45 கிலோ நின்னுச்சு, நான் 41ன்னு எழுதினேன். மண் கழிவு, சாக்குக் கழிவுன்னு வாயில வந்ததைச் சொன்னேன், எல்லாரும் ஏதோ கழிக்கத்தான் செய்வாங்க, அந்தப் பெரியம்மாவும் ஒண்ணும் கேக்கல. கடையில கிலோவுக்கு 9 ரூபா குடுத்து விட்டாங்க, நான் 8ன்னு போட்டேன், மார்க்கெட் டவுன்னேன். கணக்கு இப்பவும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். 630 கிலோ 9 ரூபான்னா 5670. நான் எழுதினது 574 கிலோ, 8 ரூபா, 4592. கையில நின்னது 1078 ரூபா. பணத்தை நேர்ல குடுக்க தைரியம் வரல, லாரி கிளம்புற அவசரம்னு சொல்லி மாமா கையில குடுத்து அனுப்பிட்டேன், சீட்டையும் சேர்த்து.

அந்தக் காசுல ஒரு ஜெர்கின் வாங்கினேன். ஏழு ரோட்டுப் பக்கம் தொங்கவிட்டு விப்பாங்க இல்ல, அது. நீலக் கலரு, உள்ள பஞ்சு வச்சது. நல்ல கதகதப்பு.

அடுத்த வருசமே அந்த வேலைய விட்டுட்டு வண்டிக்கு வந்துட்டேன். ஆனா மன்னவனூர் ஏரிக்கு பார்ட்டி கூட்டிட்டுப் போகணும்னா அந்த ஊரைத் தாண்டித்தான் போகணும். அந்த வளைவு வர்றப்ப கண்ணாடிய ஏத்திவிட்ருவேன். "ஏன்ணா, காத்து நல்லாருக்கே"ன்னு கேப்பாங்க, தூசி வரும்னு சொல்வேன். மேல்மலையில என்ன தூசி.

இப்ப பாவசங்கீர்த்தனத்துக்கு வர்றேன். 18 வருசமும் நான் இதைச் சொல்லாம இல்ல, சொல்லியிருக்கேன், ஆனா எப்படி சொன்னேன்னு கேளுங்க. "சாமி, அப்பப்ப பொய் சொல்லியிருக்கேன், கோவப்பட்டிருக்கேன், காசு விசயத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருந்திருக்கேன்." இதுதான் ஸ்டாண்டர்டு வாசகம். சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு. எந்தச் சாமியாரும் நின்னு கேட்டதில்ல, வெளியில லைன்ல அம்புட்டுப் பேர் நிக்கறாங்க, அவரும் என்ன பண்ணுவார்.

இந்த வருசம் மார்ச் நடுவுல தியானம் வச்சாங்க. வெளியூர்ல இருந்து ஒரு வயசான சாமியார், எழுவது இருக்கும், காது கொஞ்சம் மந்தம், சத்தமாப் பேசினாத்தான் கேக்கும், அதனாலேயே அவருகிட்ட யாரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகல, லைனே இல்ல. எனக்கு சவாரி இருந்துச்சு, லைன் இல்லாத இடமாப் போய் முட்டி போட்டேன். வாசகத்தைச் சொன்னேன். முன்ன பின்னன்னதும் நிறுத்தினார்.

"முன்னன்னா எவ்வளவு, பின்னன்னா எவ்வளவு?"

ஒரு நிமிசம் எனக்கு ஒண்ணும் ஓடல. அப்புறம் வாய் தானா சொல்லுது, 1078ன்னு. அவருக்குக் கேக்கல. இன்னும் சத்தமா சொல்ல வேண்டியதாப் போச்சு. பின்னாடி பெஞ்சுல உக்காந்திருந்த ரெண்டு பேருக்கும் கேட்டிருக்கும், கேட்டா கேட்டுட்டுப் போகட்டும். அப்புறம் எல்லாத்தையும் சொன்னேன், தராசு, கழிவு, ஜெர்கின் வரைக்கும்.

"அந்தம்மா உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க சாமி."

"எம்புட்டு தூரம்?"

"ஒரு 25 கிலோமீட்டர் இருக்கும்."

"என்ன தொழில் பண்றே?"

"வண்டி ஓட்டறேன் சாமி."

அவர் ஒண்ணுமே சொல்லல. திட்டியிருந்தா கூட பரவால்ல. கொஞ்ச நேரம் கழிச்சு, திருச்சபையோட மறைக்கல்வி நூல்ல 1459ம் நம்பரைப் படிச்சுப் பாருன்னார். பாவமன்னிப்பு குடுத்தார். அபராதம் என்ன சாமின்னு கேட்டேன், மூணு அருள்நிறையா அஞ்சான்னு. "போய்க் குடுத்துட்டு வா, அதுதான்"னார்.

வீட்டுக்கு வந்து மொபைல்ல தேடிப் படிச்சேன். மன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனா பாவத்தால ஆன சேதாரத்தை எல்லாம் அது சரிபண்ணிராது, திருடினதைத் திருப்பிக் குடுக்கணும், கெடுத்த பேரைத் திரும்ப வாங்கிக் குடுக்கணும்னு இருக்கு, நான் என் பேச்சுல சொல்றேன், அங்க இன்னும் மரியாதையா எழுதியிருக்கு. 1992ல வந்த புத்தகம். நான் மறைக்கல்வி படிச்ச காலத்துலயே இதெல்லாம் சொல்லியிருப்பாங்க, நான் கோழிக் கணக்குல இருந்திருப்பேன். கெடுத்த பேருங்கற வார்த்தைய அன்னைக்கு நான் சும்மா தாண்டிப் போயிட்டேன், பேரு எதுவும் கெடுக்கலியே, காசுதானே எடுத்தேன்னு.

எங்க பக்கத்து வீட்டு சிஎஸ்ஐ அண்ணன் ஒருத்தர் இருக்கார், அவங்க பைபிள்ல "மனந்திரும்புங்கள்"னு இருக்கும், எங்கதுல "மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள்"னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்வாங்க. எனக்கு இந்தத் தடவை அவங்க வார்த்தைதான் பிடிச்சுச்சு. மனசு மாறறதுன்னா வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டே மாறிக்கலாம், நானும் வருசாவருசம் மாறிக்கிட்டுத்தான் இருந்தேன். திரும்பறதுன்னா வண்டிய எடுக்கணும்.

சக்கேயு கதை தெரியுமில்ல, வரி வசூல் பண்ற குள்ள மனுசன், அத்திமரத்துல ஏறினவர். யாரையாவது ஏமாத்தியிருந்தா நாலு மடங்காத் திருப்பித் தர்றேன்னு சொன்னார், லூக்கா 19ல வரும். நானும் நாலு மடங்கு போட்டேன், 4312 ரூபா. புது நோட்டா எடுத்து, சில்லறை கூட கரெக்டா ஒரு கவர்ல போட்டு ஒட்டினேன். வண்டியில போய் இறங்கினா பந்தாவா இருக்கும்னு பஸ்ஸுல போனேன். வழி பூரா பேச வேண்டியதை ஒத்திகை பாத்துக்கிட்டே போறேன், பைபிள்ல வர்ற ஊதாரிப் புள்ள பன்னி மேய்க்கிற இடத்துல உக்காந்து அப்பாகிட்ட என்ன சொல்லலாம்னு தயார் பண்ணுவான் பாருங்க, அதே மாதிரி. பூம்பாறையில பஸ் நின்னப்ப வேலப்பர் கோயிலுக்குப் போற கூட்டம் இறங்குது, வாசல்ல பூண்டுக் கட்டு வச்சு வித்துக்கிட்டிருக்காங்க, நான் கவரைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கறேன். இங்கயும் ஒரு பெருமை இருந்துச்சு, அதையும் எழுதிர்றேன். வட்டியோட கூட இல்ல, பைபிள் கணக்குல குடுக்கறேன்ல.

பெரியம்மா திண்ணையில உக்காந்து பட்டாணி உரிச்சுக்கிட்டு இருந்தாங்க. எழுவத்தி ரெண்டு மூணு இருக்கும். என்னை அடையாளம் தெரியல. "யாருப்பா, ரூமு கேட்டு வந்தியா, ஹோம்ஸ்டே அடுத்த தெரு"ன்னாங்க. இல்லங்க பெரியம்மா, 2008ல கிழங்கு எடை போட வந்த பையன்னு ஆரம்பிச்சேன். தயார் பண்ணின ஒரு வரியும் வரல, குளறிக் குளறித்தான் சொன்னேன், மூட்டைக்கு நாலு கிலோ, கிலோவுக்கு ஒரு ரூபா. பட்டாணி சட்டியில விழற சத்தம் டப் டப்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நான் பாதி சொல்றப்ப நின்னுபோச்சு. உரிக்காத ஒரு காய் விரல்ல அப்படியே இருக்கு. கவரை எடுத்து முன்னாடி வச்சேன். அவங்க கவரைப் பாக்கவே இல்ல.

"அப்ப அவன் எடுக்கலியா?"ன்னாங்க.

எனக்கு முதல்ல புரியல. யாரு பெரியம்மான்னேன்.

அவங்க தம்பி. பணத்தைக் கொண்டாந்து குடுத்தவர். அதே நாள்ல அடுத்த காட்டுக்காரங்களுக்கு கிலோ 9 ரூபான்னு போட்டிருக்கு, இவங்களுக்கு மட்டும் 8, மூட்டை எடையும் குறையுது. சீட்டு எங்கடான்னு கேட்டா, மழையில நனைஞ்சு கிழிஞ்சு போச்சுக்காங்கறார். அந்த வாரம் பாத்து அவரு மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கியிருக்கார். போதாதா. நீதான் எடுத்தே, இல்லக்கா சத்தியமா அவன் குடுத்தது அம்புட்டுத்தான், பேச்சு முத்திப்போய் ஒருநாள் இவங்க கோயில்ல போய் காசு வெட்டிப் போட்டுட்டாங்க. காசு வெட்டிப் போட்டா என்ன அர்த்தம்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, அதோட தீந்துச்சு, முகத்துல முழிக்கக் கூடாது, தண்ணி கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. மாமா அதுக்கப்புறம் பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்ட வேலைக்குப் போனவர்தான், திரும்பி வரல.

"அவன் மக கல்யாணத்துக்கு நான் போகல"ன்னாங்க. "எங்கம்மா செத்தப்ப அவன் அந்தப் பக்கம் நின்னான், நான் இந்தப் பக்கம் நின்னேன். ஒரு ஷூவுக்காக இப்படிப் பண்ணிட்டானேன்னு நெனச்சேன்டா."

நான் 4312 ரூபாய்ல அந்தக் கல்யாணத்தை எந்த இடத்துல எழுதறதுன்னு யோசிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு பலகையில அடிச்சேன்னு நெனச்ச ஆணி அந்தப் பக்கம் இறங்கி அடியில இருந்த இன்னொரு பலகையிலயும் ஏறியிருக்கு, 18 வருசமா, ஆயிரம் பார்ட்டிக்கு சுத்தியல் குறடுன்னு கதை சொல்லிக்கிட்டிருந்தவனுக்குத் தெரியல.

அழுவாங்கன்னு நெனச்சேன், அழல. திட்டுவாங்கன்னு நெனச்சேன், அதுவும் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு கையில இருந்த பட்டாணிக் காயை உரிச்சு சட்டியில போட்டுட்டு, "இந்தக் காசு எனக்கு வேணாம், அவன்கிட்ட குடு, அவந்தான் பேரு கெட்டவன்"னாங்க. 1459 ஞாபகம் வந்துச்சு. அப்புறம், "காசு வெட்டிப் போட்டதை ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் நின்னாத்தான் கழிக்க முடியும், அவன் வருவானா கேளு"ன்னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு டைரி எடுத்துட்டு வந்தாங்க. பழைய நம்பர் ஒண்ணு இருந்துச்சு. வெட்டிப் போட்டும் நம்பரை வச்சிருக்காங்க பாருங்க.

அந்த நம்பர் வேலை செய்யல. டிரைவர் பசங்க மூலமா பண்ணைக்காட்டுல விசாரிச்சுப் புது நம்பர் பிடிக்க மூணு நாள் ஆச்சு. முதல் தடவை பேரைச் சொன்னதும் கட் பண்ணிட்டார். ரெண்டாவது தடவை எடுத்து முழுசாக் கேட்டார், கேட்டுட்டு அரைமணி நேரம் திட்டினார். அதை இங்க எழுத முடியாது, ஆல்ப்ஸ் வண்டிக்காரங்க தோத்தாங்க. ஒரு வார்த்தை கூட நான் குறுக்க பேசல. ஊர்ல டீக்கடையில நின்னா கல்லாப்பெட்டிய இழுத்து மூடுவாங்களாம் அந்தக் காலத்துல, அதைத்தான் திரும்பத் திரும்ப சொன்னார். மகளுக்கு அந்த ஷூ வாங்கினது சீட்டு கட்டி எடுத்த பணத்துலயாம். மன்னிச்சிருங்க மாமான்னு சொன்னதுக்கு, "மாமான்னு கூப்பிடாத"ன்னார். காசு விசயம் எடுத்தேன், உன் காசை நீயே வச்சுக்கன்னுட்டார்.

கடைசியா போனை வைக்கப் போறப்ப, "அது வரணும்னா வரட்டும். நீ வேணா வண்டியில கொண்டாந்து விடு. வீட்டுக்குள்ள வராத"ன்னார். அதுன்னா அக்கா.

பெரியம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னேன். சரின்னு சொல்லி வச்சிட்டாங்க. வச்ச அஞ்சாவது நிமிசம் அவங்களே கூப்பிட்டு என்னைக்குன்னு கேட்டாங்க.

நாளைக்கு சனிக்கிழமை, விடிஞ்சா மறுநாள் குருத்தோலை ஞாயிறு. போன வருசம் ஓசன்னான்னு ஆட்டின ஓலையை எரிச்சுத்தான் இந்த வருசம் நெத்தியில பூசினாங்க, இப்ப திரும்ப பச்சை ஓலை வாங்கணும், அம்மா இப்பவே கேட்டுட்டாங்க. நாளைக்கு எந்தச் சவாரியும் எடுக்கல. காலைல ஆறு மணிக்கு மேல்மலைக்குப் போய் அவங்களை ஏத்திக்கிட்டு, திரும்பி கொடைக்கானல் வழியா இறங்கி, பெருமாள்மலை தாண்டி பண்ணைக்காடு. வாசல்ல இறக்கி விட்டுட்டு நான் வண்டியிலயே இருந்துக்குவேன், எவ்வளவு நேரமானாலும்.

கவர் இன்னும் என்கிட்டதான் இருக்கு, ரெண்டு பேருமே வேணாம்னுட்டாங்க. டேஷ்போர்டுல மாதா படத்துக்குக் கீழ செருகி வச்சிருக்கேன். இப்ப இதை எழுதிக்கிட்டிருக்கறப்ப பெரியம்மா திரும்ப கூப்பிட்டாங்க, இன்னைக்கு இது நாலாவது தடவை. அவன் முன்ன நாட்டுப் பட்டாணின்னா உசுரை விடுவான், ஒரு ரெண்டு கிலோ எடுத்துக்கவா, அங்கயே கிடைக்குமான்னு கேட்டாங்க. எடுத்துக்கங்க பெரியம்மான்னேன். அப்புறம் அந்தக் கீழ் ரோட்டு வளைவெல்லாம் தனக்கு ஒத்துக்காது, வாந்தி வரும், முன் சீட்டுதான் வேணும், எலுமிச்சம்பழம் வாங்கி வைன்னாங்க.

ரெண்டு வாங்கி வச்சிருக்கேன்.